பாவு தறியில் இருக்கிறது

"உயிர் வீட்டுலதான் போகணும், சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்காத குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. செவிலியராக 22 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் முதல் பாதி தீவிர சிகிச்சைப் பிரிவிலும், பின்பாதி முற்றிய புற்றுநோயாளிகளுக்கான வலி நிவாரண வார்டிலும் கழிந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஒரு மூதாட்டியை ஆம்புலன்சில் ஏற்றி, வழி நெடுக ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே அவருடைய ஊருக்குப் போனேன். திண்ணையில் பாய் விரித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று யாரோ ஒருவர் எண்ணிச் சரிபார்த்த பிறகு, குழாயை எடுக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது என் வலது கை மரத்துப்போயிருந்தது. உயிர் உண்மையில் எந்த இடத்தில் பிரிந்தது, வீட்டிலா, வழியில் எங்கோ ஒரு வேகத்தடையிலா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. திண்ணையில்தான் பிரிந்தது என்று அந்தக் குடும்பம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும், அப்படியே இருக்கட்டும்.

இந்தப் பிடிவாதத்தைப் படிப்பில்லாதவர்களின் மூடநம்பிக்கை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். புறநானூற்றைப் பொறுமையாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. அதில் அரசர்களைக் குறிக்கும் பெயர்களே இறந்த இடத்தோடு சேர்ந்து வருகின்றன: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன்வழுதி, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். ஒருவன் எங்கே வாழ்ந்தான் என்பதை விட்டுவிட்டு, எங்கே துஞ்சினான் என்பதை வைத்து அவனை அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். 'வார்டு எண் 7, கட்டில் எண் 12இல் துஞ்சிய' என்று தன் தகப்பனைச் சொல்ல எந்த மகனுக்கு மனம் வரும்?

துஞ்சுதல் என்ற சொல்லையும் யோசித்துப் பார்க்கிறேன். தூங்குவது, இறப்பது இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். "உறங்கு வதுபோலுஞ் சாக்காடு" என்று நிலையாமை அதிகாரத்தில் வருகிறது. அங்கே பேச்சு பிறப்பும் இறப்பும் மாறி மாறி வருவதைப் பற்றியது. சாவு பார்வைக்கு எப்படி இருக்கும் என்று வள்ளுவர் சொல்ல வரவில்லை. ஆனால் வார்டுக்கு வருகிறவர்கள் அந்த வரியை அப்படியே எதிர்பார்த்து வருகிறார்கள். "தூக்கத்துலேயே போயிடணும், வேறெதுவும் வேண்டாம்" என்பதுதான் எல்லோருடைய வேண்டுதலும். நாங்கள் பார்ப்பது வேறு. மூச்சு ஆழமாகி, வேகமெடுத்து, பிறகு படிப்படியாகக் குறைந்து முற்றிலும் நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று எண்ணி மகள் அலறத் தொடங்கும் நேரத்தில் திரும்பவும் ஒரு பெருமூச்சு வரும். இதற்கு மருத்துவத்தில் செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று பெயர், ஊர்வழக்கில் 'இழுத்துக்கிட்டிருக்கு'. விழுங்க வலுவில்லாததால் தொண்டையில் தேங்கும் சளி கரகரவென்று சத்தமிடும். பெரும்பாலும் அந்த நேரத்தில் நோயாளிக்கு நினைவு இருப்பதில்லை. அந்தச் சத்தத்தால் வதைபடுவது அருகில் நிற்பவர்கள்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தேவைப்பட்டால் சுரப்பைக் குறைக்கும் ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு, இது இயல்பானதுதான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் எங்கள் வேலையில் சேர்ந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தக் கடைசி நேரத்தைப் பற்றியதன்று. அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றியது. நம் இலக்கியத்தில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. பாரி மகளிர் அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் வைத்து அழுகிறார்கள். கிள்ளிவளவனுக்குத் தாழி செய்ய வேண்டிய குயவனைப் பார்த்து, உன்னால் அவ்வளவு பெரிய தாழியை வனைய முடியுமா என்று ஐயூர் முடவனார் கேட்கிறார். "ஊரெல்லாம் கூடி ஒலிக்க அழுதிட்டுப் பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு" என்று திருமூலர் இழவு வீட்டை நான்கே வரிகளில் முடித்துவிடுகிறார். ஒப்பாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இவை அனைத்தும் இருப்பவர்களின் பாட்டு. கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்தவர்கள், கையற்று நின்றவர்களையே பாட வைத்தார்கள். செத்துக்கொண்டிருப்பவர் என்ன நினைத்தார், என்ன கேட்டார் என்பது மிக அரிதாகத்தான் கிடைக்கிறது. வார்டிலும் இதே கதைதான். நோயாளியின் கால்மாட்டில் நின்று மகன் மருத்துவரோடு பேசுவார், மருத்துவர் என்னோடு பேசுவார், நான் மருமகளோடு பேசுவேன். கட்டிலில் இருப்பவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்பது எங்கள் வார்டில் வணக்கத்துக்கு அடுத்தபடியாகக் கேட்கும் வாசகம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பட்டு நெசவாளர் ஒருவர் கணையப் புற்றுநோயோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். நோய் கல்லீரலுக்கும் பரவி, கண்கள் மஞ்சளாகியிருந்தன. அல்சர் என்று சொல்லி வைத்திருப்பதாக மகன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணி மாத்திரையைக் கொடுக்கப் போனபோது அவர் விழித்துத்தான் இருந்தார். கால் பெருவிரலும் அடுத்த விரலும் போர்வைக்குள் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன; தறி மிதிக்கிற பழக்கம் என்று பிறகுதான் புரிந்தது.

"பாவு தறியில இருக்கு, சிஸ்டர். நாலு சேலைப் பாவு. ரெண்டுதான் நெஞ்சிருக்கேன். மீதிய யாரு நெய்யறது?"

"நீங்களேதான் போய் நெய்யப் போறீங்க, ஐயா. கவலைப்படாம தூங்குங்க."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கடைக்குப் போன பிள்ளை தவறான சாமானை வாங்கி வந்து நிற்கும்போது பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பதிவேட்டில் நேரத்தையும் அளவையும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன். எழுத வேண்டியவற்றில் ஒரு குறையும் இல்லை.

டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற குறுநாவலை அதற்கு முன்பே படித்திருந்தேன், படித்ததாக நினைத்திருந்தேன் என்பதே சரி. அந்த வாரம் மீண்டும் எடுத்தேன். நீதிபதியாக இருந்த இவான் இலியிச்சை வலியைவிட அதிகமாக வதைப்பது, அவன் சாகவில்லை, நோயாய் மட்டும் இருக்கிறான் என்று சுற்றியிருப்பவர்கள் அனைவரும் நடிக்கும் பொய். மனைவியும் மருத்துவர்களும் நண்பர்களும் அந்த நாடகத்தில் அவனையும் ஒரு வேடத்துக்கு இழுக்கிறார்கள். கெராசிம் என்ற வேலைக்காரன் மட்டும் பொய் சொல்வதில்லை. எசமானின் கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான், எல்லோரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம் என்று இயல்பாகச் சொல்கிறான். முதல் வாசிப்பில் நான் என்னை கெராசிமாகத்தான் எண்ணிக்கொண்டேன். செவிலியர்கள் எல்லோரும் அப்படித்தான் எண்ணிக்கொள்வார்கள். இரண்டாம் வாசிப்பில், நான் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்பது தெரிந்தது.

குடும்பத்தின் சொல்லை மீறி நோயின் பெயரைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை, அதற்கு மருத்துவர் இருக்கிறார். அடுத்த இரவில் நான் செய்தது சிறிய காரியம். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மீதி ரெண்டு சேலைய யாரு நெஞ்சா நல்லாயிருக்கும், ஐயா?" என்று கேட்டேன்.

ஏறக்குறைய அரை மணி நேரம் பேசினார். மகனுக்குக் கை ஓடும், பொறுமை கிடையாது. மருமகன் மெதுவாக நெய்வார், ஆனால் கோர்வை சுத்தமாக வரும். உடலும் கரையும் சேருகிற அந்த இடத்தில்தான் நெசவாளியின் கை தெரியும் என்று என் புறங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். மகனை விட்டுவிட்டு மருமகனிடம் தறியைக் கொடுத்தால் மகன் மனம் நோகும், மகனிடம் கொடுத்தால் சேலை நோகும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, கூலியில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். சாவு என்ற சொல்லை அவரும் பயன்படுத்தவில்லை, நானும் பயன்படுத்தவில்லை. மறுநாள் காலையில் மருத்துவரிடமும் மகனிடமும் நடந்ததைச் சொன்னேன். மகன் என்மேல் கோபப்பட்டு, சத்தம் போட்டு, பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். மாலையில் மருமகனையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாகப் போகிறவரின் குரல் நம் இலக்கியத்தில் அரிது என்றேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், இதுவரை நேரில் கண்டிராத நண்பன் பிசிராந்தையாருக்காக "இன்னே வருகுவன் ஒழிக்க அவற்கிடமே" என்கிறான்: பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டு வையுங்கள். உண்ணாமல் உயிர்விட அமர்ந்திருப்பவனின் கவலை இடம் பிடித்து வைப்பதில் இருக்கிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் தண்ணீர் கேட்டு, காவலர்கள் தாமதித்துக் கொடுத்த நீரைக் குடிக்காமல், பசி தணியப் பிறரிடம் இரந்து உண்ணவா பெற்றோர் நம்மை ஈன்றார்கள் என்று பாடி இறந்ததாகப் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. பள்ளியில் இதை மானத்துக்கு எடுத்துக்காட்டாகப் படித்தேன். இப்போது அந்தத் தண்ணீர்தான் கண்ணில் படுகிறது. அழைப்பு மணி அடித்தும் ஆள் வராத வார்டுகளில் நான் வேலை பார்த்திருக்கிறேன். இரவுப் பணியில் ஒற்றை ஆளாய் நின்று, நானே வராத ஆளாகவும் இருந்திருக்கிறேன். நெசவாளரின் தறிக் கவலையும் சோழனின் இடக் கவலையும் எனக்கு ஒரே குரலில்தான் கேட்கின்றன.

வலி அடங்கியதும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவரே கேட்டார். தறி இருக்கும் கூடத்திலேயே கட்டிலைப் போடச் சொன்னாராம். மார்ஃபின் மாத்திரைகளை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்த பிறகு, நேர்மையான வலிக்குக்கூட இந்த மாத்திரையைப் பெறுவது பெரும்பாடாக இருந்தது. 2014இல் செய்த திருத்தம் விதிகளை எளிதாக்கியது. ஆனாலும் கணக்கு கணக்குதான், மீதமானால் திருப்பிக் கொண்டுவந்து தாருங்கள் என்று சொல்லித்தான் கொடுப்போம்.

அவர் பதினோராம் நாள் வீட்டிலேயே இறந்தார். இரண்டு மாதம் கழித்து மருமகன் மீத மாத்திரைகளோடு வந்தார். கடைசி ஒன்றரை நாள் விழுங்க முடியவில்லை, அதனால் ஒன்பது மாத்திரை மிச்சம். கொடுத்த நேரங்களைப் பேத்தி பள்ளி நோட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள், அதையும் கொண்டுவந்திருந்தார். எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினேன். போகிறவரை நிறுத்தி, பாவு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அறுத்தாச்சு, சிஸ்டர். ஒரு சேலை நான் நெஞ்சேன். கடைசிய மச்சான்தான் நெய்வேன்னு நின்னான், விட்டுட்டேன்" என்றவர், சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கோர்வை அவ்வளவு சுத்தமா வரலை."