விஷம் வைக்காத சாலியேரி

ஜூன் 4

‘அமதேயஸ்’ பார்த்து முடித்தபோது இரவு மணி ஒன்றே கால். மிலோஷ் ஃபோர்மன் இயக்கி 1984இல் வந்த படம். இசைமேதை மோட்சார்ட்டாக நடித்த டாம் ஹல்ஸின் கனைப்புச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் தூக்கத்தைக் கெடுத்தவர் சாலியேரிதான்; பொறாமையில் மோட்சார்ட்டைக் கொன்றதாகப் படத்தில் சொல்லிக்கொள்ளும் அரசவை இசையமைப்பாளர். மோட்சார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸே கொண்டுவந்த இசைத் தாள்களைப் புரட்டுகிறார். கண் ஓட ஓட இசை கேட்கிறது. எல்லாம் முதல் பிரதி, ஓர் அடித்தல் திருத்தம் இல்லை. கையிலிருந்து தாள்கள் நழுவிக் கொட்டுகின்றன. பொறாமையில் வேகிறவன் முகத்தில் இத்தனை பரவசமா! எஃப். முர்ரே ஆபிரகாமுக்குக் கிடைத்த ஆஸ்கரை இந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருக்கலாம்.

ஜூன் 5

அலுவலக வேலை ஓடவில்லை. தலைவலி.

ஜூன் 7

இரண்டு நாளாகப் படித்ததில் கோபம்தான் மிச்சம். படத்துச் சாலியேரி இசைக்காகக் கடவுளிடம் பிரம்மச்சரியம் நேர்ந்துகொள்கிறார். நிஜச் சாலியேரிக்கு மனைவியும் எட்டுப் பிள்ளைகளும். பேத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் என்ற மூன்று இசைமேதைகளுக்கும் பாடம் சொன்னவர். மோட்சார்ட்டின் கடைசி மகனும் அவரிடம் படித்தான். கணவனைக் கொன்றவர் என்று நம்பியிருந்தால் கான்ஸ்டான்ஸே பிள்ளையை அங்கே அனுப்பியிருப்பாரா?

1791 அக்டோபரில் மோட்சார்ட் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. சாலியேரியை தன்னுடைய ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவுக்கு (இசை நாடகத்துக்கு) அழைத்துப் போனாராம்; அவரும் ஒவ்வொரு பகுதிக்கும் ‘பிராவோ’ சொல்லி ரசித்தாராம். எழுதி இரண்டு மாதத்துக்குள் மோட்சார்ட் இல்லை. சாலியேரிதான் விஷம் வைத்தார் என்ற வதந்தி அவர் இருந்தபோதே கிளம்பிவிட்டது. அவர் 1825இல் இறந்தார். 1830இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அந்த வதந்தியை நாடகமாக்கினார். மறுத்துப் பேச ஆள் இல்லாத நேரம்!

ஜூன் 8

போட்டியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1786 பிப்ரவரி 7 அன்று பேரரசர் இரண்டாம் ஜோசப், வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனையின் ஆரஞ்சுத் தோட்ட மண்டபத்தில் இருவர் படைப்புகளையும் ஒரே நாளில் மேடையேற்றினார். மோட்சார்ட்டுக்கு 50 டுகாட் பொற்காசு, சாலியேரிக்கு 100. வயிற்றெரிச்சல் யாருக்கு இருந்திருக்கும்? படம் இதைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் கதை தலைகீழாகியிருக்கும்.

ஜூன் 10

பிராயச்சித்தமாகச் சாலியேரியைக் கேட்க உட்கார்ந்தேன். 1815இல் எழுதியது, ‘லா ஃபோலியா’ என்ற பழைய மெட்டை வைத்துக்கொண்டு 26 விதமாக உருமாற்றுகிறார். வாத்தியங்களைக் கலப்பதில் தேர்ந்த கை. நன்றாகவே இருந்தது. பாதியில் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முடிந்ததும் கை தானாக மோட்சார்ட்டின் காற்றுக்கருவி செரினேடைத் தேடிப் போட்டது, அந்த மெதுவான பகுதியை. அடியில் மற்ற கருவிகள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, மேலே ஓபோ என்ற குழல் ஒற்றைச் சுரத்தில் வந்து நின்றது. படத்தில் சாலியேரி மயங்கி நிற்பதும் இதே இடத்தில்தான்.

காபி ஆறிவிட்டது.