செத்த பிறகும்

நவம்பர் 4
அம்மாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மாலைக்குள் என்னைச் சித்தி என்று நினைத்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். பிரஷர் 80/50. ஐசியூ.

நவம்பர் 5
சிறுநீர்த் தொற்று ரத்தத்துக்கு ஏறிவிட்டதாம். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவாக இருக்கலாம், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வந்தால்தான் தெரியும். பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டிருக்கிறது. குன்னூரிலிருந்து கோவைக்குப் போவதென்றால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். "இப்ப அசைக்க வேண்டாம்மா" என்றார் டாக்டர்.

நவம்பர் 6, விடியற்காலை
தூக்கமில்லை. ஆன்டிபயாடிக் ஏற ஏறக் கிருமி சாகும், சரி. செத்த பிறகு? ஈ.கோலையின் சுவருக்கு வெளியே உள்ள உறையில் கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த எல்பிஎஸ் இருக்கிறது. கிருமி உடைந்தால் அது ரத்தத்தில் கலக்கும். 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் காலராக் கிருமிகளைச் சூட்டில் கொன்று கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். செத்த கிருமிகளே அவற்றைக் கொன்றன. அந்த நஞ்சுக்குத்தான் எண்டோடாக்சின் என்று பெயர். எல்பிஎஸ்தான் அது. கொதிக்கவைத்தாலும் அழியாது.

இப்போது அம்மாவுக்குள் நடப்பது இதுதான். எல்பிஎஸ்ஸின் கொழுப்பு முனை, கிருமிகளை விழுங்கும் காவல் செல்லான மேக்ரோஃபேஜ் மேலிருக்கும் டிஎல்ஆர்4-உம் எம்டி-2-உம் சேர்ந்த உணர்வியில் போய் உட்காருகிறது. உள்ளே என்எஃப்-கப்பாபி என்ற மரபணு விசை விழித்துக்கொள்கிறது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்று அழற்சியைத் தூண்டும் புரதங்கள் எல்லாம் கொட்டுகின்றன. காய்ச்சல் ஏறுகிறது, ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, பிரஷர் விழுகிறது. சுவரிலிருந்து உதிரும் பெப்டிடோகிளைக்கான் துண்டுகளைச் செல்லுக்குள் நாட்1, நாட்2 என்ற உணர்விகள் வேறு கண்டுகொள்ளும். அம்மாவை வீழ்த்துவது கிருமி மட்டுமில்லை, அவளைக் காக்க வந்த செல்களும்தான். இதை யாரிடம் சொல்வது. அண்ணன் மணிக்கொரு தரம் போன் செய்து "ஊசி வேலை செய்யுதா" என்றுதான் கேட்கிறான்.

நவம்பர் 6, இரவு
பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரீனலின் மருந்தைக் கூட்டிவிட்டார்கள்.

நவம்பர் 7
வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வந்தேன். சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிறுவனத்தைக் கடந்தபோது கால் நின்றுவிட்டது. முத்தடுப்பூசிக்குப் பேர்போன இடம். அந்த ஊசியில் கொல்லப்பட்ட கக்குவான் கிருமி முழுசாக இருக்கும், எண்டோடாக்சினோடு. ஊசி போட்ட ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்க அதுவும் ஒரு காரணம். எனக்கும் அடித்திருக்கும். அம்மா விடிய விடிய நெற்றியில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

நவம்பர் 8
மணிக்கு 15 மில்லி சிறுநீர். போதாது. போதவே போதாது.

நவம்பர் 9
டிஎல்ஆர்4-ஐ அடைத்துவிட்டால் என்ன என்று ராத்திரி முழுக்க ஓடியது. எண்டோடாக்சினுக்கு அசையாத ஒரு எலி வகை உண்டு. அதன் டிஎல்ஆர்4 மரபணுவில்தான் பிழை என்று 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு காட்டியது. 2011-இல் அவருக்கு நோபல். ஆனால் அதே எலிகள் சால்மோனெல்லா தொற்றினால் எளிதில் செத்துப்போகும். மனிதர்களுக்கு எரிட்டோரான் என்று அடைப்பு மருந்து செய்தார்கள். செப்சிஸ் (அம்மாவுக்கு வந்திருப்பது போன்ற, தொற்றினால் உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நிலை) சாவு குறையவில்லை என்று 2013-இல் முடிவு வந்தது. அம்மாவின் செல்கள் விழித்தே இருக்கட்டும். கொஞ்சம் தணிந்தால் போதும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

சித்தி தந்தி மாரியம்மன் கோவில் விபூதியோடு வந்தாள். உள்ளே விடவில்லை. என் நெற்றியில் பூசிவிட்டாள்.

நவம்பர் 10
கல்ச்சர் வந்தது. ஈ.கோலையேதான். மெரோபெனெம் ஆன்டிபயாடிக்குக்குக் கேட்கும்!

நவம்பர் 11
நார்அட்ரீனலின் பம்ப்பைக் குறைத்திருக்கிறார்கள். சிறுநீர் மணிக்கு 40 மில்லி. என் பெயரைச் சரியாகச் சொன்னாள். காய்ச்சல் மட்டும் 101-இலேயே நிற்கிறது. ரோடு ஒரு பக்கம் திறந்துவிட்டதாம், அண்ணன் கிளம்பிவிட்டான். காலையில் ரத்தத்தில் லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாவிட்டால் ஏறுவது) மறுபடி எடுப்பார்கள்.