வாங்கினதா?

“கெகௌஃப்ட்?” என்று கேட்டார் ஆசிரியை. முகத்தில் நல்ல சிரிப்பு, குரலில் குத்தல் எதுவும் இல்லை. ‘வாங்கினதா?’ என்று ஒரே ஒரு சொல். எனக்கோ பந்தியில் உட்கார்ந்த பிறகு முன்னால் போட்ட இலையை எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அது 2022 நவம்பர். டுசல்டார்ஃப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு நாங்கள் குடிவந்து பத்து மாதம் ஆகியிருந்தது. நாலு வயசுப் பையனைக் ‘கீத்தா’வில் சேர்த்திருந்தோம். பாலர் பள்ளியை இங்கே சுருக்கி அப்படித்தான் சொல்கிறார்கள். திண்டிவனத்தில் இருக்கும் என் அம்மா, கீதா என்கிற யாரோ ஒரு பெண்ணிடம் பிள்ளையை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போகிறேன் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். “தீபாவளிக்கு அந்தக் கீதாவுக்கு ஒரு பொடவை எடுத்துக் குடு, நம்ம புள்ளய பாத்துக்குது பாவம்” என்று போனில் சொன்ன அன்றுதான் விஷயம் புரிந்தது.

அந்தக் கீத்தாவின் கூடத்தில் கயிறு கட்டி, நவம்பரில் வரும் புனித மார்ட்டின் ஊர்வலத்துக்காகப் பிள்ளைகள் செய்த விளக்குக் கூடுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆந்தை, நரி, முள்ளம்பன்றி. ஒன்றுக்குக் கண் நெற்றியில் இருந்தது. ஒன்றில் பசை வழிந்து காய்ந்து மூக்குச்சளி மாதிரி தொங்கியது. இவற்றுக்கு நடுவே, கடையில் நாலு யூரோ கொடுத்து வாங்கிய, மடிப்பு மடிப்பாக விரியும் மஞ்சள் நிலா ஒன்று. கோணலே இல்லாத நிலா. அதுதான் எங்களுடையது.

நோட்டீஸ் வராமல் இல்லை. வந்தது. அதில் ‘பாஸ்டெல்ன்’ என்று ஒரு சொல் இருந்தது. செல்போன் அதைப் ‘பழுதுபார்த்தல்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தது. புது விளக்கு, நன்றாகத்தானே எரிகிறது, இதில் என்ன பழுது பார்க்க என்று விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தச் சொல்லை வைத்துத்தான் இந்த ஊரே நடக்கிறது என்று. வெட்டுவது, ஒட்டுவது, மடிப்பது, கோப்பது எல்லாம் அதில் அடக்கம். கைவேலை என்று சொல்லலாம், ஆனால் நம் ஊர்க் கைவேலையில் ஒரு பிழைப்பு வாசம் இருக்கிறது. இது பெரிய டாக்டர்கூட மாலை ஆறு மணிக்கு மேல் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து செய்கிற வேலை.

என்னைச் சுட்டது அந்தச் சொல் இல்லை. வாங்கிப் பழக்கமில்லாதவளைப் பார்த்து ‘வாங்கினதா’ என்று கேட்டதுதான். எங்கள் வீட்டில் விளையாட்டுச் சாமான் வாங்கி நான் பார்த்ததே இல்லை. நுங்கு தின்றால் மிஞ்சும் வெறுங்காய் வண்டியாகும். பூவரச இலையைச் சுருட்டினால் பீப்பீ. தீப்பெட்டி ரெண்டு கிடைத்தால் நூல் கட்டி டெலிபோன், நாலு கிடைத்தால் ரயில். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, பனையோலையைக் கிழித்தால் ஐந்து நிமிடத்தில் காற்றாடியோ கிலுகிலுப்பையோ கையில் இருக்கும். இதையெல்லாம் எந்த நோட்டீசும் சொல்லி நாங்கள் செய்யவில்லை. காசு இல்லை, அதனால் செய்தோம். காசு வந்ததும் முதல் வேலையாகச் செய்வதை நிறுத்தினோம். அதுதான் முன்னேற்றம் என்று நினைத்தோம். இவர்கள் என்னடா என்றால் காசையும் வைத்துக்கொண்டு செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? வாரத்துக்கு ஒரு கிராஃப்ட் பீரியடு அட்டவணையில் இருக்கும். அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். பத்தாவது முடிகிறவரை திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது என் தம்பி மகன் படிக்கும் பள்ளியில் புராஜெக்ட் கேட்கிறார்கள். எரிமலையும் சூரிய மண்டலமும் ஸ்டேஷனரி கடையிலேயே செய்து தருகிறார்கள். பிள்ளை பேரை மட்டும் எழுதினால் போதும்.

அந்த நிலாவோடு வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். “ஒரு காயித வெளக்குக்கா இவ்வளவு?” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு என்ன, கத்தரிக்கோல் பிடித்தால் பால் பாக்கெட்டையே கோணலாக வெட்டுகிறவர்.

டிசம்பரில் எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு மாலை, பெற்றோரைக் கூப்பிட்டுக் காகித நட்சத்திரம் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். நாலே நாலு காகிதப் பட்டை. பசை கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து மடித்து இழுக்க வேண்டும். ஃப்ரோபல் நட்சத்திரம் என்று பேர். ஃப்ரெட்ரிக் ஃப்ரோபல்தான் 1837-இல் பாட் பிளாங்கன்புர்க் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு ஓர் இடம் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தவர். நம் ஊர் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் இருக்கும் அந்த ‘கே.ஜி.’ இவர் போட்ட பிச்சைதான். பிள்ளைக்குக் கட்டையும் காகிதமும் கொடு, கையால் கற்றுக்கொள்ளட்டும் என்றவர். நாம் பேரை வாங்கிக்கொண்டு, உள்ளே மூன்று வயசுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் வைத்துவிட்டோம்.

சுற்றிலும் ஜெர்மன்காரிகள் மூன்றாவது மடிப்பில் சிக்கிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்கள். என் கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, திருப்பு, நுழை, இழு. ஆயாவின் ஓலைப்பந்து! அதே பின்னல், என்ன, ஓலைக்குப் பதில் காகிதம். பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம் தன் நட்சத்திரத்தை நீட்டி, கொஞ்சம் பார்த்துத் தாயேன் என்றாள். அன்றைக்கு ஆறு பேருக்கு முடித்துக் கொடுத்தேன். சரி, நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்று தலை நிமிர்ந்து வெளியே வந்தால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓலை கிழிக்கும்போது ஆயா நுனியைப் பல்லால் கடித்துப் பிடிப்பாள். அந்தப் பச்சை ஓலை வாசம் எங்கிருந்தோ வந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தது.

மறு வருடம் நான் தயாராக இருந்தேன். பலூனை ஊதி, அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டவேண்டும். இரண்டு நாள் காய்ந்த பிறகு பலூனை உடைத்தால் உருண்டையான கூடு நிற்கும். மேல்பக்கம் வெட்டிக் கம்பி மாட்டினால் விளக்கு. பசைக்கு இங்கே வீட்டுச் சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதத்துக்கான பசைத்தூளைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். எங்களிடம் பாதியிலேயே தீர்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. 405 என்று நம்பர் போட்ட மாவு இருந்தது, நம் மைதாவுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. அடுப்பில் வைத்துக் கிளறினேன். அப்பா பட்டம் ஒட்டக் காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போடுவார். இங்கே போய் மயில்துத்தம் கேட்டால் கடைக்காரர் முதலில் போலீசுக்குத்தான் போன் போடுவார்.

இடதுகைக்காரப் பையனுக்குக் கீத்தாவில் அவனுக்கென்றே இடதுகைக் கத்தரிக்கோல் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக் கரகரவென்று வெட்டிக்கொண்டே கேட்டான்: “அம்மா, நீ சின்னப் புள்ளயா இருக்கும்போது லட்டெர்ன செஞ்சியா?”

நான் மாவலியைச் சொன்னேன். தெற்கத்திக்காரர்கள் பலருக்கு இது தெரியாது, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கார்த்திகை என்றாலே மாவலிதான். பத்து நாள் முன்பிருந்தே ஆண்பனைக்கு அடியில் காய்ந்து விழுந்த பூவைப் பொறுக்குவோம். குழி வெட்டி அதில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகப் போவதற்குள் மண்ணைத் தள்ளி மூடவேண்டும். அந்தக் கணக்குதான் வித்தை. முந்தினால் கரியாகாது, பிந்தினால் ஒன்றும் மிஞ்சாது. தம்பி எப்போதும் பிந்துவான். மறுநாள் கரியை எடுத்து அம்மாவுக்குத் தெரியாமல் அம்மியில் அரைப்போம். தெரியாமல் எங்கே, அடுத்த நாள் சட்னியே சொல்லிவிடும். தூளைப் பழைய வேட்டித் துணியில் குழாயாகச் சுருட்டி இறுக்கிக் கட்டி, பனமட்டையைப் பிளந்து நடுவில் செருகி, நீளக் கயிறு மாட்டினால் முடிந்தது. பொழுது சாய்ந்ததும் முனையில் ஒரு துண்டு நெருப்பை வைத்துச் சுற்றினால், பொறி பொறியாக வட்டம் போட்டுப் பறக்கும். தெருவே “மாவலியோ மாவலி” என்று கத்தும்.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்னைச் சுற்றவிடவில்லை. பாவாடையில் பொறி படும் என்றார்கள். கரி சுட்டது நான், அரைத்தது நான், கட்டியது நான். சுற்றியது தம்பி. இதைப் பையனிடம் சொல்லவில்லை. “நெஜ நெருப்பா?” என்று வாயைப் பிளந்தான். அவன் விளக்குக்குள் இருக்கப்போவது பேட்டரியில் எரியும் குட்டி பல்பு.

2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை ஊர்வலம். ஐந்து மணிக்கே கும்மிருட்டு. முன்னால் குதிரைமேல் சிவப்புப் போர்வையோடு புனித மார்ட்டின் வேடம். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் போர்வையைக் கத்தியால் பாதி வெட்டிக் கொடுத்த ரோமானியச் சிப்பாய், பிறகு தூர் நகர பிஷப் ஆனவர். பின்னால் பிள்ளைகள் விளக்கோடு பாடிக்கொண்டு. அதற்கும் பின்னால் தீயணைப்பு வண்டி. நான் நெருப்புக்குப் பயந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மைதானத்தில் விறகைக் குவித்து நெருப்பு வைத்ததே அவர்கள்தான்! சுவாலை எழுந்ததும் என் வாயில் வந்துவிட்டது: “சொக்கப்பனை.” வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நாள் விட்டு அடுத்த நாள் தீபாவளி. இந்த நாட்டில் புத்தாண்டுக்குத் தவிர வெடி வெடிக்கக்கூடாது. ஆகவே அந்த நெருப்பையே எங்கள் தீபாவளிக்கும் சேர்த்து வைத்துக்கொண்டோம்.

மண் புகைக்குழாய் வைத்த மனிதன் உருவத்தில் ஒரு பன் கொடுத்தார்கள். பையன் தலையை முதலில் கடித்தான். ஆசிரியை வந்து எங்கள் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்தப் பசை, இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே என்றார். “ஸெல்ப்ஸ்ட் கெமாஹ்ட்” என்றேன். நானே செய்தது. அதைச் சொல்வதற்காகவே நாலு நாள் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன்.

நவம்பர் 26, கார்த்திகை. இங்கே மதியம், அங்கே விளக்கேற்றும் நேரம். தம்பி வீடியோவில் வந்தான். வாசலில் அகல் வரிசை. அவன் மகன் தெருவில் மாவலி சுற்றிக்கொண்டிருந்தான். என் பையன் போனுக்குள்ளேயே விழுந்துவிடுகிற மாதிரி குனிந்து பார்த்தான். பொறி சரியாகப் பறக்கவில்லை. மட்டை வழவழவென்று ஒரே அளவாக இருந்தது. கயிறு நீல நைலான்.

“இன்னாடா, வாங்கினதா?” என்றேன்.

கேட்ட தொனி எனக்கே தெரிந்தது.

“பஸ் ஸ்டாண்டாண்ட விக்கிறாங்கக்கா. பனம்பூ பொறுக்க இப்ப எவன் போறான்?” என்றான் தம்பி. கொஞ்சம் நிறுத்தி, “நீ வேணா வந்து செஞ்சு குடு” என்றான்.