ஒரே ஒரு அச்சுப்பிழை

“நல்லா வந்திருக்கு அண்ணே. ஒரே ஒரு அச்சுப்பிழைதான்.”

போனில் அந்தத் தம்பி சொன்னது இவ்வளவுதான். இதழ் கடைக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. 2015-ல் நடந்தது இது. அந்தக் குரலில் இருந்தது கோபமா, கிண்டலா, இல்லை நிஜமாகவே அவ்வளவுதானா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நான் உடனே “எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். பிழைதிருத்துபவனுக்கு வாயில் முதலில் வருவது அதுதானே.

அவன் எழுதிக் கொடுத்தது கியூப எழுத்தாளர் ரெய்னால்டோ அரெனாஸ் பற்றிய கட்டுரை. அரை மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தான். பக்கம் கட்டி முடித்த பிறகு கால் பக்க விளம்பரம் ஒன்று வந்தது, ஆசிரியர் எட்டிப் பார்த்து “ஒரு இருபது வரி எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். எந்த இருபது என்று சொல்லவில்லை. அப்புறம் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் “ஆசிரியர் வெட்டச் சொன்னார்” என்றுதான் ஆரம்பிப்பேன். அதில் பொய்யும் இல்லை.

வெட்டுவதற்கு வேண்டிய அளவு இருந்தது. ஓல்கினுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 1943-ல் பிறந்து, பசியில் மண்ணைத் தின்ற குழந்தைப் பருவம். ஹவானா தேசிய நூலகத்தில் வேலை. 1967-ல் வந்த முதல் நாவல், அதற்குப் பிறகு உயிரோடு இருந்தவரை சொந்த நாட்டில் அவருடைய ஒரு நாவலும் வெளிவராதது. இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதி ரகசியமாக வெளியே போய் 1968-ல் பிரெஞ்சில் அச்சானது. 1973-ல் கைது, தப்பித்து லெனின் பூங்காவில் ஒளிந்துகொண்டு, இருட்டுவதற்குள் முடிந்த மட்டும் எழுதியது (‘இருட்டுவதற்கு முன்’ என்ற சுயசரிதையின் தலைப்பே அங்கிருந்து வந்ததுதான்). அப்புறம் எல் மோரோ சிறை. அங்கே மற்ற கைதிகளுக்காக அவர்களுடைய மனைவிகளுக்கும் காதலிகளுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்துக் கூலியாக சிகரெட் வாங்கிக்கொண்டாராம். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனதால் அதில் கை வைக்கவில்லை.

நான் எடுத்தது காவல் நிலையப் பத்தியை. 1980-ல் கியூபாவின் மரியேல் துறைமுகம் திறந்து ஒன்றே கால் லட்சம் பேர் அளவுக்கு அமெரிக்காவுக்குப் படகேறிப் போனார்களே, அப்போது அரசாங்கம் தனக்கு வேண்டாதவர்களையும் சேர்த்து அனுப்பிவிடப் பார்த்தது. தன்பாலீர்ப்பாளர்கள் அந்த வேண்டாதவர்களில் சேர்த்தி. அரெனாஸ் தன் பேட்டைக் காவல் நிலையத்துக்குப் போய் நான் அப்படிப்பட்டவன்தான் என்று சொல்கிறார். விசாரிப்பவர்கள் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு, எங்கே, நடந்து காட்டு என்கிறார்கள். நடந்து காட்டுகிறார். அனுமதி கிடைக்கிறது. எதைச் சொல்லி அத்தனை வருடம் துரத்தினார்களோ, சிறையில் போட்டார்களோ, அதையே நிரூபித்தால்தான் வெளியே போக முடியும் என்ற நிலை. தம்பி இதை இருபத்திரண்டு வரியில் எழுதியிருந்தான், உச்சுக் கொட்டாமல், அழகாக. நடந்த அந்த நாலு அடியை மட்டும் தனி வாக்கியமாக விட்டிருந்தான்.

ஏன் அதைப் போய் எடுத்தாய் என்று கேட்டால், முழுப் பத்தி, எடுத்தால் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் என்பேன். தொழில்முறைக் காரணம். சிறைக் கடிதமும் முழுப் பத்திதான், அதை எடுத்திருந்தாலும் ஒட்டியிருக்கும். குடும்பங்கள் படிக்கிற பத்திரிகை என்றும் நினைத்தேன். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு அப்போது சட்டப் புத்தகத்தில் இருந்தது, நாளைக்கு எவனாவது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்றுகூட அன்றைக்குப் பக்கம் கட்டுகிறவரிடம் சொன்னேன். ஒரு கியூபாக்காரர் 35 வருடம் முன்னால் காவல் நிலையத்தில் நடந்து காட்டியதற்கு இங்கே எந்தப் பிரிவில் வழக்குப் போடுவார்கள்? அவர் பதில் சொல்லாமல் மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மணி பத்தரை. நான் ‘சரி, எடுங்க’ என்றேன்.

இது போதாதென்று இன்னொன்று. அனுமதி கிடைத்தாலும் எழுத்தாளர்களை வெளியே விடக் கூடாது என்று பட்டியல் இருந்தது. துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது அரெனாஸ் யாரிடமோ பேனா வாங்கிக் கையால் எழுதிய கடவுச்சீட்டில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிவிடுகிறார். அரெனாஸ், அரினாஸ் ஆகிறார். பட்டியலில் அரினாஸ் இல்லை, படகேறிவிடுகிறார். நான் மூன்றாவது வாசிப்பில் ‘அரினாஸ்’ என்று பார்த்ததும் கட்டுரை முழுக்க அரெனாஸ் என்றுதானே இருக்கிறது என்று ‘ரி’யை ‘ரெ’ ஆக்கினேன். “பெயரை அரெனாஸ் என்று மாற்றிக்கொண்டு தப்பினார்” என்று அச்சாகிவிட்டது. இருபத்திரண்டு வரி போன பிறகு அங்கே மிச்சமிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான், அதையும் அர்த்தமில்லாததாக ஆக்கி வைத்தேன். ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை.

தம்பி சொன்ன அச்சுப்பிழை இதுதான். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டேன், வருந்துகிறோம் என்றெல்லாம். பெரிய மனது பண்ணிச் செய்கிற மாதிரி அவனுக்கு போன் போட்டும் சொன்னேன். “தேங்க்ஸ் அண்ணே” என்றான். பத்தியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்ல விளம்பரம், ஆசிரியர், 377 எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் எங்களுக்கு எழுதவில்லை. வேலை மாறியிருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம். எழுதுகிற பையன்களில் பாதிப் பேர் இரண்டு கட்டுரையோடு காணாமல் போகிறவர்கள்தான், இதை என் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வது ஒருவகைக் கர்வம் என்றும் தோன்றும். அந்தப் பத்தி அவனுக்கு வெறும் தகவல்தானா, அதற்கு மேலும் ஏதாவதா என்று யோசித்திருக்கிறேன். அப்படி யோசிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும்.

மூத்த கியூப எழுத்தாளர் விர்ஹிலியோ பினேராவைப் பற்றி அவன் எழுதியிருந்ததும் இப்போது வேறு மாதிரி படுகிறது. இரண்டாவது நாவலுக்குப் பரிசு கிடைக்காதபோது, நடுவர்களில் ஒருவரான பினேரா அரெனாஸைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூடவே உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியைத் திருத்திக் கொடுத்தார். அவரும் தன்பாலீர்ப்பாளர், அவரும் நாட்டுக்குள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்டவர். பல வருடம் கழித்து 1987-ல் எய்ட்ஸோடு நியூயார்க் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அரெனாஸ், செத்துப்போன பினேராவின் புகைப்படத்தைப் பார்த்து, எழுதி முடிக்க எனக்கு இன்னும் மூன்று வருடம் வேண்டும் என்று கேட்டாராம். கிடைத்தது. முடித்தார். 1990 டிசம்பரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். திருத்துகிறவன் ஒருவனின் படத்துக்கு முன்னால் நின்று ஆயுள் கேட்க வேண்டுமென்றால் அவன் எப்படித் திருத்தியிருக்க வேண்டும்! அதே கட்டுரையில் இதைப் பிழைபார்த்தபோது நான் கவனித்தது, பினேராவுக்கு இரண்டு சுழி ‘ன’வா மூன்று சுழி ‘ண’வா என்பதைத்தான்.

2018-ல் 377-ஐ உச்ச நீதிமன்றம் நீர்த்துப் போகச் செய்த அன்று தலைப்புச் செய்திக்குப் பிழைபார்த்தது நான்தான். 2022-ல் எந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசே பட்டியல் போட்டுவிட்டது, ‘தன்பாலீர்ப்பு’ அதில் இருக்கிறது. தம்பி 2015-லேயே அதைத்தான் எழுதியிருந்தான். “இது யாருக்குப்பா புரியும்” என்று ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தேன். அன்றைக்கு வேறு சொல் வழக்கில் இருந்தது, நான் கேட்டது நியாயமான கேள்விதான்.

போன மாதம் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டுவதற்கு முன்னால் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் அனுப்பிய மூலம் கிடைத்தது. இருபத்திரண்டு வரியும் இருக்கிறது. இங்கேயே போட்டுவிடலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். அவன் எழுத்து, அவனைக் கேட்காமல் போட முடியாது. பழைய எண் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன், போன் போட்டு முதல் வாக்கியம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.