தற்போதைய பயன்பாடு

வங்கிக்குத் தரும் மதிப்பீட்டு அறிக்கையில் கட்டடத்தின் சரித்திரத்துக்கு இடம் கிடையாது. மனைப் பரப்பு, வழிகாட்டி மதிப்பு, கட்டடத்தின் வயது, தேய்மானம், தற்போதைய பயன்பாடு, அவ்வளவுதான். அந்தப் பழைய தியேட்டருக்கு ‘ஜவ்வரிசிக் கிடங்கு’ என்று நான் எழுதியது முறைப்படி சரி. உள்ளே மூட்டைகள்தான் இருந்தன.

ஆனாலும் அங்கே ஆபரேட்டராக இருந்து இப்போது வாட்ச்மேனாக இருக்கும் பெரியவர் கேட்டது உறுத்துகிறது.

“இதில் சினிமா என்று எங்காவது வருமா, கண்ணு?”

“அதையெல்லாம் கேட்பதில்லைங்க, ஐயா.”

“கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா?”

டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

என்ன சொல்வது? பத்திரத்தில் அது நாடகக் கொட்டகை, வரி ரசீதில் திரையரங்கு. மூட்டை அடுக்குவதற்காகச் சரிவான தரையில் மண் கொட்டி மட்டமாக்கியதில், திரைப் பக்கத்துக் கதவுகள் இடுப்பளவு புதைந்து, தாழ்ப்பாள் தரையோடு ஒட்டிக் கிடந்தது. பின்சுவரில் மட்டும் கேபினின் சதுர ஓட்டைகள் அப்படியே இருந்தன. ஒரு ரீல் முடியும்போது அடுத்ததைத் தொடங்க இரண்டு புரொஜெக்டர்கள். அதனால், ஒளி போக ஒன்று, ஆபரேட்டர் பார்க்க ஒன்று என்று இரண்டு ஜோடி ஓட்டைகள். எலிக்குப் பயந்து ஒன்றில் சாக்கைத் திணித்திருந்தார்கள். புரொஜெக்டருக்கு ஒளி தரும் கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய எப்படி நெருக்கிக்கொண்டே வர வேண்டும் என்று பெரியவர் இரண்டு விரல்களால் காட்டினார்.

தேய்மானம் போகக் கட்டடத்தில் மிஞ்சியது பழைய இரும்பின் விலைதான், பணமெல்லாம் மனையில். சினிமா என்று ஒரு வரி சேர்த்தால் ஒரு ரூபாய்கூட மாறாது. ஆனால் உரிமம் என்னவாயிற்று, பயன்பாட்டை மாற்ற அனுமதி உண்டா என்று கேள்வி வரும், கோப்பு நிற்கும். எனவே ஒன்றுமே மாறாது என்று சொல்ல முடியாது.

1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவுக்குச் சேலம் ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே வீடுகள். முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இரண்டையும் எடுத்த நிறுவனம். அந்த வீடுகளுக்குக் கடன் கேட்டால் நானும் ‘குடியிருப்பு’ என்றுதான் எழுதுவேன். அது எனக்கு உறுத்தாது. அங்கே யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை என்பதாலா?

சமீபத்தில் உரிமையாளரின் மகன் அழைத்தார். கிடங்கைக் கல்யாண மண்டபமாக்கப் போகிறார்களாம், புதிய மதிப்பீடு வேண்டுமாம். ஒப்புக்கொண்டேன். படிவத்தின் கடைசியில் ‘குறிப்புரை’ என்று ஒரு கட்டம் உண்டு, யாரும் படிப்பதில்லை. அதில் எழுதலாம் என்றிருக்கிறேன். கேபின் சுவரைத்தான் முதலில் இடிக்கப் போகிறார்கள் என்று கேள்வி.