வெள்ளிச் சாலையில் ஒரு சொகுசு செடான்

சுவீடனின் வடபகுதியில் 95-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு வெள்ளிச் சாலை என்று பெயர். போத்னியா வளைகுடாவை ஒட்டிய ஷெலெஃப்தியோ நகரில் தொடங்கி, அர்விட்ஸ்யவுர், அர்யெப்லூக் என்ற சிற்றூர்கள் வழியாக நார்வே எல்லையை நோக்கி ஏறுகிறது. 1630-களில் அந்த எல்லையை ஒட்டிய நாசா மலையில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. சாமி பழங்குடியினரையும் அவர்களுடைய துருவ மான்களையும் கட்டாயப்படுத்தி, பனியின்மீது சறுக்குவண்டிகளில் அந்த வெள்ளியைக் கடற்கரைக்கு இறக்கினார்கள். சாலையின் பெயர் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது. அழகான பெயர்தான், ஆனால் அதன் அடியில் கிடக்கும் துயரத்தை மறந்துவிட்டு அந்த வழியில் போக எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரியில் அங்கே நான் ஓட்டியது பென்ஸ் இ-கிளாஸ் கார். சுவீடனில் பல ஆண்டுகளாக வாழும் என் அண்ணனுடையது. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை போகும் வகை, எடை ஏறத்தாழ 1.9 டன். கோடையில் பூட்டியிருந்த அகலமான 20 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, 18 அங்குலச் சக்கரங்களில் சற்றுக் குறுகலான குளிர்கால டயர்களைப் பூட்டியிருந்தார். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் காரின் கம்பீரம் கொஞ்சம் குறைந்துதான் தெரியும். ஆனால் உறைந்த சாலையின் குழிகளை அந்த உயரம்தான் உள்வாங்கிக்கொள்கிறது, விளிம்பும் தப்பிக்கிறது.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெப்பநிலை ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால டயரின் ரப்பரில் சிலிக்கா கூடுதலாகச் சேர்த்து, கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்கிறார்கள். அதன் மேற்பரப்பிலுள்ள ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் ஏராளம். டயர் உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களில் அடைந்துகொள்ளும் பனிக்கும் வேலை உண்டு: பனி பனியோடு ஒட்டும் என்பதால், டயருக்குள் சிக்கிய பனியே சாலையிலுள்ள பனியைப் பிடிக்கிறது. பனிக்கென்று முதல் டயரை 1934-இல் ஃபின்லாந்தில் லாரிகளுக்காகச் செய்தார்கள். இந்த நாடுகளின் சாலைகளைப் பார்த்த பிறகு, அது வேறெங்கும் பிறந்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

குளிர்கால டயரிலும் இரண்டு வகை இங்கே புழக்கத்தில் உள்ளன. ஒன்று உலோக ஆணிகள் பதித்தது, மற்றொன்று ஆணி இல்லாமல் மிருதுவான ரப்பரை மட்டுமே நம்புவது. மத்திய ஐரோப்பாவில் விற்கும் குளிர்கால டயர் ஈரச் சாலைக்கும் அதிவேகத்துக்கும் ஏற்றது. வடக்கின் ஆணியில்லா டயர் அதைவிட மிருதுவானது. ஆணிகள் தார்ச்சாலையைச் சுரண்டித் தூசி கிளப்புவதால், ஸ்டாக்ஹோமின் ஹோர்ன்ஸ்காத்தான் தெருவில் 2010 முதல் அவற்றுக்குத் தடை இருக்கிறது. அண்ணன் பெரும்பாலும் நகரங்களிலேயே ஓட்டுவதால் ஆணியில்லாத டயரையே வைத்திருந்தார். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். அதன் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். குளிரில் காற்றழுத்தம் இறங்கிவிடும் என்பதால் (பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 பார்) புறப்படும் காலையில் அதைச் சரிபார்த்தோம்.

அர்விட்ஸ்யவுருக்குப் பிறகு தார் மறைந்துவிட்டது. இவ்வளவு வடக்கே, இந்தக் குளிரில் உப்பு வேலை செய்யாது. பனியை அகற்றும் லாரி மேற்பனியை வழித்துவிட்டுப் போகிறது. எஞ்சியது இறுகி, வெள்ளைச் சாலையாகவே குளிர்காலம் முழுவதும் கிடக்கிறது. ஓரங்களில் நட்ட கம்புகள்தான் சாலை எங்கே முடிகிறது என்று காட்டும். வெப்பமானி மைனஸ் 22 டிகிரி காட்டியது. பயந்துகொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்த எனக்கு முதல் வியப்பு, கார் எவ்வளவு நன்றாகப் பிடித்து ஓடியது என்பதுதான். கடுங்குளிரில் பனி காய்ந்து மணல்போல் நறநறக்கிறது, டயருக்கு நல்ல பிடி கிடைக்கிறது. பனிச்சாலையின் உண்மையான எதிரி பூஜ்ஜிய டிகிரி. அப்போதுதான் பனிக்கட்டியின்மேல் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்து, எந்த ரப்பரையும் ஏமாற்றிவிடுகிறது.

இரண்டாவது வியப்பு அவ்வளவு இனிமையானது அல்ல. சொகுசுக் கார் என்பது வெளியுலகத்தை வெளியிலேயே நிறுத்தி வைக்கும் கலை. இரட்டைக் கண்ணாடி, சூடேற்றிய இருக்கை, அதிர்வை விழுங்கும் சஸ்பென்ஷன். 90 கிலோமீட்டர் வேகம் ஐம்பது போலத் தோன்றுகிறது. தார்ச்சாலையில் அது வரம். பனியில், ஓட்டுநருக்கு வரவேண்டிய செய்திகளை எல்லாம் அந்த அமைதி தடுத்துவிடுகிறது. ஸ்டியரிங் இலேசாவது, டயரின் ஓசை மாறுவது, பின்பக்கம் ஒரு கணம் தயங்குவது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் சாலையை அறிய வேண்டும். இந்த மூன்றையும் மென்மையாக்குவதற்கே அந்தக் காரை வடிவமைத்தவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள்.

“பாட்டை நிறுத்து. ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கு,” என்றார் அண்ணன்.

முகத்தில் குளிர் அறைந்தது, ஆனால் காது திறந்துகொண்டது. நறநறவென்ற ஓசை வரும்வரை பிடி இருக்கிறது. ஓசை அடங்கி, சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு போவது போன்ற மௌனம் வந்தால் கீழே பளபளக்கும் பனிக்கட்டி. அப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதை அவர் உரிமம் வாங்கும்போதே கற்றுக்கொண்டிருக்கிறார். வழுக்குத் தளத்தில் பயிற்சி எடுக்காமல் சுவீடனில் யாருக்கும் கார் ஓட்டும் உரிமம் கிடைப்பதில்லை. பனியே விழாத நாடுகளிலும், மழைச்சாலையை மனத்தில் வைத்து, இப்படி ஒரு பயிற்சி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழியில் ஓரக் கம்பு ஒன்றில் கறுப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. துருவ மான் கூட்டம் அருகில் இருக்கிறது என்று மேய்ப்பர்கள் தரும் எச்சரிக்கை அது. வேகத்தை அறுபதுக்குக் குறைத்தேன். வளைவைத் தாண்டியதும், சாலையின் நடுவே மான்கள் நின்றிருந்தன. ஆழமான பனியில் நடப்பதைவிட, வழித்துவிட்ட சாலையில் நடப்பது அவற்றுக்கு எளிது. பிரேக்கை அழுத்தினேன். பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். காலடியில் படபடவென்று உதைத்தது. கார் நேராகச் சென்று, நல்ல இடைவெளி விட்டே நின்றது. மான்கள் எங்களைப் பார்த்தன, நகரவில்லை. ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். 90 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த தாரில் பிரேக் அடித்தால் கார் 35 முதல் 40 மீட்டருக்குள் நிற்கும். இறுகிய பனியில் அதே கார் நிற்க 125 மீட்டர் வேண்டும். வழுக்குப் பனிக்கட்டியில் 300 மீட்டரையும் தாண்டும். நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கும் மேடேறுவதற்கும் உதவும், நிற்பதற்கு உதவாது. எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களாலேயே பிரேக் போடுகின்றன. ஆகவே சறுக்காமல் பாய்ந்து கிளம்பும் கார், தன் நிறுத்தும் திறனைப் பற்றி ஓட்டுநரிடம் பொய் சொல்கிறது. விலையுயர்ந்த காருக்குக் கோடைக்கால டயரே போதும் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: பனியில் அந்தக் காரின் தகுதியை முடிவு செய்வது உள்ளங்கை அளவேயான நான்கு ரப்பர்த் துண்டுகள்.

அர்யெப்லூக் ஏரிகளால் சூழப்பட்ட ஊர். சுவீடனிலேயே ஆழமான ஹோர்னாவான் ஏரி, 221 மீட்டர், அதன் அருகிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் இந்த ஏரிகளின் பனிக்கட்டிமேல் வட்டங்களும் நேர்க்கோடுகளும் போட்டு, உலகின் கார் நிறுவனங்கள் புதிய கார்களைச் சோதிக்கின்றன. 1970-களிலிருந்தே ஜெர்மன் பொறியாளர்கள் இங்கே வருகிறார்கள். 1978-இல் பென்ஸ் எஸ்-கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். வந்தது. 1995-இல் காரின் நிலைதடுமாற்றத்தைத் தடுக்கும் ஈ.எஸ்.பி. வந்தது. அப்படிப்பட்ட அமைப்புகளைச் செம்மைப்படுத்துவதற்கு இந்த ஏரிகளைப் போன்ற ஆய்வுக்கூடம் வேறில்லை. கறுப்பு வெள்ளைக் கோலங்கள் ஒட்டி உருவம் மறைத்த கார்கள் பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நின்றன. மான்களுக்கு முன்னால் என் காலை உதைத்த அந்தப் படபடப்புக்குப் பின்னால் இத்தனை பேருடைய குளிர்காலங்கள் இருக்கின்றன என்று நினைத்தபோது நன்றி பொங்கியது.

அங்கிருந்து யெக்விக் கிராமத்தைத் தாண்டி ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தோம். இந்தப் பகுதியில் வழியெங்கும் எதிர்ப்பட்டவை கனரக லாரிகள். ஒவ்வொன்றும் தன் பின்னால் பனிப்புகையை இழுத்துக்கொண்டு வருகிறது. அது கடந்ததும் சில நொடிகள் எதுவுமே தெரியாது. லாரி நெருங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, வலப்பக்க ஓரக் கம்பைக் கண்ணில் பிடித்து வைத்துக்கொள்வதே வழி. பனி அப்பியதால் காரின் ரேடாரும் கேமராவும் செயலிழந்து, உதவி அமைப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்.இ.டி. முகப்பு விளக்குகள் தம் கண்ணாடியில் படியும் பனியை உருக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கித் துடைத்தோம்.

வுவொகட்யோல்மெ என்ற சிற்றூரில் இரவு தங்கினோம். 1966 பிப்ரவரி 2-ஆம் தேதி மைனஸ் 52.6 டிகிரி பதிவான இடம். சுவீடனின் குளிர் வரலாற்றில் அதுவே உச்சம். மறுநாள் நார்வே பக்கம் இறங்குவதாகத் திட்டம். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வருகிறது என்றது வானிலை அறிக்கை. காலையில் வெப்பமானி பூஜ்ஜியத்துக்கு அருகே நின்றது. வெள்ளைச் சாலை கண்ணாடியாகிக்கொண்டிருந்தது.

“திரும்பிவிடலாமா?” என்றேன்.

“அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன்,” என்றார் அண்ணன்.

முந்தைய நாள் தொண்ணூறில் பாடிக்கொண்டு வந்த அதே சாலையில் ஐம்பதைத் தொடவில்லை. ஜன்னல் திறந்தே இருந்தது, ஓசைதான் இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் ஈ.எஸ்.பி. விளக்கு மினுக்கியது. மிருதுவான ரப்பர் முடிந்தவரை உழைத்தது, ஆனால் ஈரப் பனிக்கட்டியில் அதன் எல்லை தெளிவாகத் தெரிந்தது. எங்களைத் தாண்டிப் போன உள்ளூர்க் கார்களின் டயர்கள் கரகரவென்று சத்தமிட்டன. ஆணி டயர்கள். அர்யெப்லூக்கில் கார் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் சொன்னார், அடுத்த குளிர்காலத்துக்கு இந்தப் பக்கம் வருவதற்கென்றே ஆணி டயர் ஒரு செட் வாங்கப்போவதாக. வெள்ளிச் சாலைக்குப் போகிறவர்கள், அதுவும் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் தொட்டு மீளும் மார்ச் கடைசியில் போகிறவர்கள், வாடகைக் கார் எடுக்கும்போதே ஆணி டயர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.