நினைவுத் தூண் திறப்பில் கவிதை வாசிக்கப் போகிறீர்களா? முதலில் நிரலை வாங்கிப் பாருங்கள்

இந்த வேலையில் கவிதை எழுதுவதுதான் சுலபம். எழுதியதை நிகழ்ச்சி நிரலில் ஏற்றுவதும், ஏறியது விழா நாள் காலையில் கழன்று விழாமல் காப்பதும்தான் பெரும்பாடு. எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கம் கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று நினைவுத் தூணைத் திறந்தது. என் கவிதையை ஒருவழியாக வாசித்துவிட்டேன். அலைந்த எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அடுத்து வாசிக்கப் போகிறவர்களாவது கொஞ்சம் குறைவாக அலையட்டும்.

சங்கச் செயலாளர் "தாராளமா வாசிங்க தம்பி" என்று சொல்வது பாதி அனுமதிதான். சிறப்பு விருந்தினராக மாவட்ட அதிகாரி யாரேனும் வந்தால், நிமிட வாரியான நிரல் அந்த அலுவலகத்தின் பார்வைக்கும் போகும். நான் போன அலுவலகத்தில் வெள்ளைத்தாளில் எழுதிய கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. லெட்டர்பேடு வேண்டும் என்றார் எழுத்தர். அதோடு போனால் சங்கப் பதிவு எண் எங்கே என்றார். அதையும் எழுதிக்கொண்டு போனால் கவிதை மூன்று நகல் வேண்டுமாம், ஒவ்வொரு பக்கத்திலும் செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமாம். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்த அன்று "சார் கேம்ப் போயிருக்கார்."

ஆகவே முதல் தடவையே இவற்றைக் கொண்டு போங்கள்: பதிவு எண் அச்சிட்ட லெட்டர்பேடில் கடிதம், அதில் வாசிக்க ஆகும் நேரம், நிரலில் எதற்குப் பின் வாசிப்பு என்ற விவரம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்ட கவிதை நகல்கள். எழுத்தரின் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கிவிடுங்கள். அந்த முத்திரையைக் காட்டிய பிறகுதான் என் தாள் "காணவில்லை" என்ற நிலையிலிருந்து "இதோ இருக்கு" என்ற நிலைக்கு வந்தது. அழைப்பிதழில் உங்கள் பெயரும் "கவிதை வாசிப்பு" என்ற வரியும் அச்சாகிவிட்டால் பாதிப் பாதுகாப்பு.

அடுத்து, கவிதை நிரலில் எங்கே வருகிறது என்பது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். வழக்கமான வரிசை இப்படி: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, திரை விலக்கல், மலர்வளையம், பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பில் லாஸ்ட் போஸ்ட் (மறைந்தவர்களுக்கு விடைகொடுக்கும் இசை), இரண்டு நிமிட மௌனம், ரவுஸ் (மௌனம் முடிந்ததைச் சொல்லும் இசை), பிறகு பேச்சுகள், கடைசியில் நாட்டுப்பண். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி, நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி, மௌனத்துக்கு 2 நிமிடம். இவற்றை யாரும் தொட மாட்டார்கள். நேரம் போதாவிட்டால் கத்தரி விழுவது முதலில் கவிதை மேல்தான், பேச்சுகள் மேல் அல்ல.

எங்கள் விழாக் குழுவில் கவிதையை வரவேற்புக்குப் பின், திரை விலக்கலுக்கு முன் போட்டிருந்தார்கள், விருந்தினர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க. அதற்குச் சம்மதிக்காதீர்கள். மூடியிருக்கும் கல்லைப் பார்த்து வாசித்தால் வரிகள் ஒட்டாது. அதோடு, விருந்தினரின் கார் நுழைந்ததும் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள். போரில் இறந்த வீரனுக்கு நடும் நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் முறையே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்பதுதான். கல் நின்ற பிறகே வாழ்த்து. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் இதைச் சொன்னதும் வேலை முடிந்தது. ரவுஸ் ஒலித்த பிறகு, பேச்சுகளுக்கு முன் என்று இடம் மாறியது.

அந்த இடத்திலும் ஒரு பொறி உண்டு. மௌனத்துக்கு எழுந்தவர்கள் நின்றபடியே இருப்பார்கள். 1971 போருக்கு இருபது வயதில் போனவருக்கு இன்று எழுபதுக்கு மேல் ஆகிறது. அவரை ஆடி மாத வெயிலில் நிற்கவைத்து மூன்று நிமிடம் வாசிக்கக் கூடாது. "அனைவரும் அமரலாம்" என்ற வரியைத் தொகுப்பாளர் தாளில் எழுதிக் கொடுங்கள், சொன்னாரா என்று கவனியுங்கள், எல்லாரும் உட்காரும்வரை பொறுத்திருங்கள்.

பியூகிள் வாசிக்க ஆள் கிடைக்காத ஊர்களில் பென் டிரைவில் ஓட்டுவார்கள். லாஸ்ட் போஸ்டும் ரவுஸும் ஒரே கோப்பில், நடுவில் மௌனம் இல்லாமல் இருந்தால் நாசம். மைக் செட்காரரிடம் இரண்டு தனிக் கோப்புகளாகக் கொடுங்கள். நம் வேலை இல்லைதான். ஆனால் அங்கே குழம்பினால் அடுத்து மேடையேறுவது நாம்தான்.

இனி கவிதை. எழுதியதும் முதலில் ஒரு முன்னாள் ராணுவத்தாரிடம் படித்துக் காட்டுங்கள், தமிழறிந்த நண்பரிடம் அப்புறம் காட்டலாம். எல்லாரும் பனிமலையில் துப்பாக்கி பிடித்து நிற்பதாக எழுதுவது பழகிய வழுக்கல். முன்வரிசையில் இருப்பவர்களில் ஓட்டுநர் இருப்பார், தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ்காரர் இருப்பார், மருத்துவப் படைக்காரர் இருப்பார். பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் பாலம் கட்டியவரும் கண்ணிவெடி எடுத்தவரும் இருப்பார்கள், படைக்குள் 'தம்பி' என்றே பெயர் பெற்றவர்கள். கடற்படையையும் விமானப்படையையும் விட்டுவிட்டால் விழா முடிந்ததும் ஒருவர் தேடி வந்து கேட்பார். தூணில் வெட்டியிருக்கும் போர்களில் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வதும் ஆகாது. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையைப் பற்றித் தமிழ்நாட்டில் ஆளுக்கொரு கருத்து, எனக்கும் உண்டு. ஆனால் கல்லில் ஆபரேஷன் பவன் என்று அந்த நடவடிக்கையின் பெயர் இருந்தால் அந்த வீட்டாரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று: இறந்தவர்களை மட்டுமே பாடிவிட்டு இறங்காதீர்கள். திரும்பி வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தூண்.

முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் பழைய கல்வெட்டுகள் உண்டு. இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அவற்றில் ஆண்டு 1914–1919 என்றே பொறித்திருப்பார்கள், சண்டை நின்ற 1918 வரை அல்ல, வெர்சாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டுவரை. அதைக் கவிதையில் எடுத்தாண்டால் யாராவது ஒரு படிப்பாளி 1918 என்று "திருத்தி" அச்சுக்கு அனுப்புவார். என் கவிதையிலும் திருத்தினார்கள். கல்லின் படத்தைக் காட்டி மாற்றவைத்தேன்.

நீளம் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். திறந்தவெளியில், கூம்பு ஒலிபெருக்கியில், நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 70 முதல் 80 சொற்கள்தான் போகும். ஆகவே 220 சொற்களுக்குள் முடியுங்கள். 100 மீட்டர் தள்ளிக் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து ஒலி திரும்பிவரக் கால் விநாடிக்கு மேல் ஆகும். அந்த எதிரொலி அடங்கும்வரை வரிக்கு வரி நிறுத்தாவிட்டால் சொல் மேல் சொல் ஏறிவிடும். பீரங்கிப் படையில் இருந்த பலருக்குக் காது மந்தம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. மலையடிவார ஊர்களில் ஆடிக்காற்று மைக்கில் புகுந்து உறுமும், எனவே பஞ்சுறை போடச் சொல்லுங்கள்.

கைப்பேசியைப் பார்த்து வாசிக்க வேண்டாம். வெயிலில் திரை தெரியாது, சூடேறி அணைந்தும் போகும். பிளாஸ்டிக் உறையிட்ட தாளும் கண் கூசும். தடித்த அட்டையில், ஒரு பக்கம் மட்டும், 18 புள்ளி எழுத்தில் அச்சடியுங்கள். கோப்பை பிடிஎஃப் ஆக எடுத்துப் போங்கள். யூனிகோடில் தட்டியதைப் பாமினி என்ற பழைய வகை எழுத்துரு மட்டும் இருக்கும் கடையில் திறந்தால் கவிதை முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கும்.

எந்தப் பத்திகளை விடலாம் என்று முன்பே பென்சிலில் குறித்து வையுங்கள். விருந்தினர் தாமதமாக வந்ததால், மேடையேறும் படியில் வைத்து "ரெண்டே நிமிஷம் சார்" என்று காதில் சொன்னார்கள். குறித்து வைத்திருந்த இரண்டு பத்திகளை விட்டேன், கவிதை முடமாகவில்லை. மேடையில் இருக்கும் பத்துப் பேருக்கும் "அவர்களே" போடுவதை விட்டாலே ஒரு பத்தி மிஞ்சும். "படைவீரர்களே, அவர்களின் குடும்பத்தாரே" என்றால் போதும். முடித்ததும் கைகூப்புங்கள். சல்யூட் சீருடைக்காரர்களுக்கு உரியது.

நன்றாக வாசித்தீர்கள் என்றால் வேறொரு தலைவலி வரும். நாலு வரியைக் கல்லில் வெட்டலாம் என்பார்கள். மகிழ்ச்சியில் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கிரானைட் பட்டறையில் முதலில் எழுத்தைக் கணினியில் வெட்டி ஸ்டிக்கராகக் கல்லில் ஒட்டுவார்கள், பிறகு மணல் பீய்ச்சிக் குடைவார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய நிலையில் நேரில் போய்ப் படியுங்கள், வாட்ஸ்அப் படத்தை நம்பாதீர்கள். ண, ன, ந மூன்றையும், ர, ற இரண்டையும், கொம்புகளையும், வீரர்களின் பதவிப் பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். என் வரிகளில் பட்டறைக்காரர் ஒரு புள்ளியை விட்டிருந்தார், வேறோர் இடத்தில் தேவையில்லாத ஒன்றைச் சேர்த்திருந்தார். விட்ட புள்ளியைக் குடைந்த பிறகும் போட்டுக்கொள்ளலாம். கூடுதலாக விழுந்த புள்ளிக்குக் கல்லையே மாற்ற வேண்டும்.